மூணாவது மாடி பிரிண்டர்

நாற்பத்திரண்டு சதவீதத்திலேயே நிற்கிறது சனியன். இருபது நிமிஷமாக அதே நாற்பத்திரண்டு. உமையாள் மேடத்தின் லேப்டாப்பிலிருந்து ஆபீஸ் சர்வருக்கு ஃபைல்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. அது முடிந்ததும் லேப்டாப்பைச் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும், துடைத்ததும் கிளியரன்ஸ் பாரத்தின் கடைசிக் கட்டத்தில் பரஞ்சோதி கையெழுத்துப் போட வேண்டும், போட்டால் அவள் வேலையை விட்டுப் போய்விடுவாள். நாலு மணிக்கு வந்து பாரத்தை வாங்கிக்கொள்கிறேன் என்று காலையில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அவள், இவள் எல்லாம் மனசுக்குள் மட்டும்தான். வாயைத் திறந்தால் மேடம்தான், அதுவும் வாக்கியத்துக்கு இரண்டு மேடம். மணி இரண்டே முக்கால். பாரம் கீபோர்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. லைப்ரரி, கேன்டீன், அக்கவுன்ட்ஸ், அட்மின், செக்யூரிட்டி, எல்லாரும் கையெழுத்துப் போட்டுத் தள்ளிவிட்டார்கள். ஆறு வருஷம் ஒருத்தி உட்கார்ந்து வேலை பார்த்த இடத்திலிருந்து அவளைக் கழற்றி எடுக்க ஆறே ஆறு கையெழுத்து போதும் போலிருக்கிறது, ஐந்து ஆகிவிட்டது, ஆறாவது இந்த மகானுடையது. நாற்பத்திரண்டு. இப்படியே நின்றுபோய்விட்டால் தேவலை. கம்பி அறுந்தால் தேவலை. கம்பியைப் பிடுங்கிவிடலாமா என்றுகூட ஒரு யோசனை வந்தது, பிடுங்கினால் மறுபடி முதலிலிருந்து ஓடும், இன்னும் ஒன்றரை மணி நேரம் கிடைக்கும், அப்புறம்? அப்புறம் என்ன, திரும்பவும் பிடுங்கு. பிடுங்கிப் பிடுங்கித்தானே இந்த லட்சணத்துக்கு வந்து நிற்கிறாய் என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. கேட்காத மாதிரி திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ராயப்பேட்டையில் அந்த இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ஐந்து மாடி. கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற இவர்கள் இரண்டு பேருக்கும் அந்த ஐந்தில் இடம் இல்லை, கார் நிறுத்துகிற தளத்துக்குப் பக்கத்தில், ஜெனரேட்டருக்கும் படிக்கட்டுக்கும் நடுவில், ஜன்னல் என்ற பேச்சே இல்லாத ஒரு அறை. மேலே இருக்கிறவர்கள் இவர்களுக்கு வைத்த பெயர் 'கீழ இருக்கிறவங்க'. கீழ இருக்கிறவங்களக் கூப்பிடு, கீழ இருக்கிறவங்க வந்தாச்சா, அவ்வளவுதான், பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஆத்மா கிடையாது. அதில் பரஞ்சோதிக்குக் குறையும் இல்லை. பெயர் சொன்னால் திரும்பிப் பார்க்க வேண்டும், பார்த்தால் சிரிக்க வேண்டும், சிரித்தால் எப்போது நிறுத்துவது என்று தெரிய வேண்டும். நாற்பத்தோரு வயசில் மனுஷனுக்கு லிஃப்ட்டில் யாராவது ஏறினாலே உள்ளங்கை வேர்த்துவிடும். சாப்டீங்களா என்று கேட்பது வரைக்கும் ஒத்திகை பார்த்து வைத்திருக்கிறான்; அவர்கள் ஆச்சு, நீங்க என்று திருப்பிக் கேட்டால் போச்சு, அதற்குமேல் எழுதி வைக்கவில்லை. ஒருதரம் நீங்க என்று கேட்ட ரீஜினல் மேனேஜரிடம் தாங்க்ஸ் சார் என்று சொல்லிவிட்டு இரண்டாவது மாடியிலேயே இறங்கிப் படியேறிப் போனவன். மெஷின் முன்னால் உட்கார்ந்தால் மட்டும் நாக்கு அவிழும், கை நடுங்காது, யாரோ வேறு ஆள் மாதிரி ஆகிவிடுவான். அந்த வேறு ஆளைத்தான் உமையாள் மேடத்துக்குத் தெரியும். மூன்று வருஷமாக.

இவனாவது பரவாயில்லை. கூட வேலை பார்க்கிற ஃபெலிக்ஸ் இன்னும் மேல். தூத்துக்குடிக்காரன், ஆறடி, சர்வர் அலமாரிக்குப் பின்னால் நாற்காலி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பெண் குரல் படிக்கட்டில் கேட்டாலே ஏதோ கேபிளைப் பார்க்கிற சாக்கில் இன்னும் உள்ளே போய்விடுவான். ஆனால் ஆபீஸ் சமாசாரம் ஒன்று பாக்கி இருக்காது அவனிடம். மேஜைக்கு அடியில் குனிந்து வயர் சொருகுகிறவனை யாரும் மனுஷனாகவே கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை, தலைக்கு மேலேயே எல்லாவற்றையும் பேசுவார்கள். இன்று மத்தியானம் அப்படித்தான் ஹெச்.ஆர். மேடத்தின் மேஜைக்கு அடியிலிருந்து செய்தியோடு வந்தான். பரஞ்சோதி தயிர்சாத டப்பாவைத் திறந்துகொண்டிருந்தான்.

"ஏல, உமையாள் மேடம் ஏன் போறாங்கன்னு தெரியுமா?"

"நாக்பூருக்கு மாத்திட்டாங்க. அப்பாவ விட்டுட்டுப் போக முடியாதுன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. பாரத்துலயே போட்டிருக்கே."

"அது தெரியும்ல. ஏன் மாத்துனாங்கன்னு கேக்கேன். அவங்க செக்‌ஷன்லயே லெட்டர் லேட்டாப் போறது அவங்க சீட்லதான் ஜாஸ்தியாம். ஏன் லேட்டுன்னு மேல இருந்து ரிப்போர்ட் கேட்டிருக்காங்க. நம்ம புகார் சிஸ்டத்துல இருந்துதான் எடுத்திருக்காங்க பாத்துக்கோ. ஒரு பிரிண்ட் எடுக்கத் தெரியாம நாப்பத்தோரு தடவ ஆளக் கூப்பிட்டிருக்காங்கன்னு வந்திருக்கு. ஆறு வருஷம் ஆகியும் பட்டன் அமுக்கத் தெரியலன்னா எதுக்கு இங்கன்னு அந்தம்மா சிரிக்குது."

பரஞ்சோதி டப்பாவை மூடினான். ஊறுகாயைக்கூடத் தொடவில்லை. ஃபெலிக்ஸ் அவனை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு அலமாரிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டான்.

நாற்பத்தேழு. நகர்கிறது. நகரவேண்டாம் என்று நினைக்கும்போதுதான் நகரும். அந்த பிரிண்டர், மூணாவது மாடியில் தூணை ஒட்டி அவள் சீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன பிரிண்டர், அதற்கு ஒரே ஒரு வியாதிதான். இன்ஷூரன்ஸ் பணம் பாஸான குடும்பங்களுக்கு லெட்டர்ஹெட்டில் கடிதம் அடிப்பது அவள் வேலை. மற்றவர்களுக்கெல்லாம் பொதுவில் பெரிய பிரிண்டர், அவளுக்கு மட்டும் தனியாக இந்தக் குட்டி. கரண்ட் போய் ஜெனரேட்டர் பிடிக்கிற அந்தப் பத்து விநாடியில் அது அணைந்து எரியும். எரிந்ததும் நெட்வொர்க்கில் தனக்கு வேறு ஒரு நம்பரைப் போட்டுக்கொள்ளும். வீட்டுக் கதவு நம்பரைத் தானே மாற்றிக்கொள்கிற வீடு மாதிரி. அவள் மேஜையோடு இருக்கிற கம்ப்யூட்டர் பாவம், பழைய நம்பரிலேயே போய்த் தட்டிக்கொண்டிருக்கும், கடிதம் வெளியே வராது. யாராவது போய்ப் புது நம்பரைச் சொல்லிக்கொடுத்தால் வரும், அடுத்த கரண்ட் கட் வரைக்கும். நம்பர் மாறாமல் கட்டிப்போட ஒரு வழி இருந்தது. அது பரஞ்சோதிக்குத் தெரியும். இரண்டாவது தடவை போனபோதே தெரியும். தெரிந்துதான், கையை எடுத்துவிட்டு எழுந்தான்.

ஏன் எழுந்தான்? முதல் தடவை போனபோது அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள். பழுது பார்க்க வந்தவனை உட்காரச் சொன்ன முதல் ஆள். அவன் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தாள், பதில் வேண்டும் என்று அவனைப் படுத்தவில்லை. அயனாவரத்தில் வீடு, அப்பாவுக்குப் பக்கவாதம், வலது பக்கம் வராது, பேச்சும் குழறும், காலையில் அவருக்கு எல்லாம் செய்து முடித்துப் பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவி கொடுத்துவிட்டு ஓடிவர வேண்டும், தான் இன்னும் கல்யாணம் பண்ணிக்கொள்ளாததில் அப்பாவுக்குத்தான் வருத்தம், தனக்கு அப்படி ஒன்றும் இல்லை. சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்தபோது மேல்வரிசையில் ஒரு பல் கொஞ்சம் கோணலாக இருந்தது தெரிந்தது. கடிதம் வந்ததும், அட, வந்துருச்சே என்று கை தட்டாத குறை. மந்திரவாதியைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்த ஒருத்தனை அப்படி யாராவது பார்த்தால் அவன் என்ன செய்வான் சொல்லுங்கள். இரண்டாவது தடவை கூப்பிட்டபோது படியேறிப் போகிற வழியில் பாத்ரூமில் நின்று தலை சீவிக்கொண்டான். அந்தத் தடவைதான் அந்த வழி கண்ணில் பட்டது. செட்டிங்கைத் திறந்தும்விட்டான். இதைச் செய்தால் இனி இங்கே வரவேண்டிய வேலையே இல்லை என்று ஒரு நினைப்பு ஓடியது. மூடிவிட்டான். சரியாயிடுச்சு மேடம், திரும்ப வந்தா கூப்பிடுங்க. திரும்ப வந்தா! வராமல் எங்கே போகும், அதுதான் வழி பண்ணியாகிவிட்டதே.

அதற்கப்புறம் ஜெனரேட்டர்மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது. சுவருக்கு அந்தப்பக்கம் அது இருமி, கனைத்து, தடதடவென்று பிடிக்கும்போது ஃபெலிக்ஸ் காதைப் பொத்திக்கொண்டு திட்டுவான். இவனுக்கு நெஞ்சுக்குள் யாரோ விளக்கேற்றின மாதிரி இருக்கும். ஐந்து நிமிஷம், மிஞ்சினால் பத்து. போன் அடிக்கும். பரஞ்சோதி சார், மறுபடியும் மக்கர் பண்ணுது, கொஞ்சம் வர்றீங்களா. சார் என்பாள், பெயரையும் சேர்த்துச் சொல்வாள். வெயில் காலத்தில் கரண்ட் அடிக்கடி போகும், மே மாசம் அவனுக்குத் திருவிழா. ஐப்பசி மழையிலும் போகும். நடுவில் ஒரு முறை இரண்டு மாசம் கரண்ட் போகவே இல்லை, ஊரே மின்வாரியத்தை மெச்சிக்கொண்டிருந்தது, இவன் ஒருத்தன் மட்டும் இளைத்துப்போனான். போனால் உடனே நம்பரை மாற்றிக் கொடுத்துவிட்டு வருவானா, அதுவும் மாட்டான். ஒயரை ஆட்டிப் பார்ப்பான். மூடியைத் திறந்து மூடுவான். ம்ம் என்பான். தேடுகிற மாதிரி தேடுவான். இருபது நிமிஷம், இருபத்தைந்து நிமிஷம். அவள் அப்பா நேற்று இரண்டு வார்த்தை தெளிவாகச் சொன்னதைச் சொல்வாள். வீட்டிலிருந்து கொண்டுவந்த சீடையை எடுத்து வைப்பாள். இடையில் ஒரு தடவை மணியைப் பார்ப்பாள். பார்ப்பாள், ஆமாம், பார்ப்பாள், அதை அவன் பார்த்திருக்கிறான். நாலு மணிக்குக் கூரியர்காரன் வந்துவிடுவான், அதற்குள் கடிதமெல்லாம் உறையில் போக வேண்டும், போகாவிட்டால் மறுநாள் கணக்கு. அவசரம்னா சொல்லுங்க மேடம் என்று அவன் ஒருநாளும் கேட்கவில்லை. அவள் மணிக்கட்டில் அந்தக் கறுப்பு வார் கடிகாரம் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான். மடையன்.

ஐம்பத்தெட்டு. சரி, அதோடு போயிருந்தாலும் ஒரு மாதிரி. புகாரை முடிக்கும்போது சிஸ்டத்தில் காரணம் போட வேண்டும், அது ஒரு சடங்கு, போடாமல் மூடாது. அதில் நெட்வொர்க் கோளாறு என்று போட்டால், ஒரே இடத்தில் மூன்று தடவை ஆனதும் அது தானாகவே வெளிக் கம்பெனிக்குப் போய்விடும், அவர்கள் ஆளை அனுப்பி அடியோடு சரி பண்ணிவிட்டுப் போவார்கள். மெஷின் பழுது என்று போட்டால் பிரிண்டரையே மாற்றிவிடுவார்கள். மூன்றாவது தடவை அவன் பட்டியலில் கீழே கீழே இறங்கிப் பார்த்தான். கடைசியில் ஒன்று இருந்தது: பயனர் உதவி. மெஷினில் ஒரு குறையும் இல்லை, உபயோகிக்கிறவருக்குத் தெரியாததால் ஆள் போய்ச் சொல்லிக்கொடுத்தது என்று அர்த்தம். கேள்வி கேட்பாரில்லை, எங்கேயும் போகாது, எத்தனை தடவை வேண்டுமானாலும் போடலாம். அப்பாடா என்று இருந்தது அன்றைக்கு. தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டு கேன்டீனில் ஒரு வடைகூட சாப்பிட்டான். அந்த எழுத்தை யாராவது ஒருநாள் படிப்பார்கள் என்று தோன்றவில்லை. கீழ இருக்கிறவங்க எழுதுவதை யார் படிக்கிறார்கள்? மெஷினுக்கு எழுதுவதாகத்தான் நினைத்தான். ஒரு பெண்ணின் பெயருக்கு எதிரே, இவளுக்கு ஒன்றும் தெரியாது, இவளுக்கு ஒன்றும் தெரியாது என்று நாற்பத்தோரு தடவை எழுதியிருக்கிறான்.

சாப்பாட்டு டப்பாவை மூடிய கையோடு அந்தப் பழைய புகார்கள் எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தான். தேதி தேதியாக. ஹெச்.ஆர். பட்டியலில் தாமதம் என்றிருந்த நாட்களை ஃபெலிக்ஸ் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வந்திருந்தான், ஏன் எழுதினான் என்று கேட்கவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்தான். மார்ச் பதினொன்று, மார்ச் பதினொன்று. ஏப்ரல் மூன்று, ஏப்ரல் மூன்று. மே மாசம் முழுக்க. அவன் திருவிழா முழுக்க. ஒவ்வொன்றுக்கும் கீழே அவள் கொடுத்த மதிப்பெண், ஐந்துக்கு ஐந்து, ஐந்துக்கு ஐந்து, ஒன்றில் மெனக்கெட்டுத் தட்டச்சு பண்ணியிருக்கிறாள்: மிகப் பொறுமையானவர். படித்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான்.

இன்னொன்று. அது வராமல் இருந்தால் நன்றாக இருக்கும், ஆனால் அதுதான் திரும்பத் திரும்ப வருகிறது, பல்லிடுக்கில் மாட்டின நார் மாதிரி. போன புரட்டாசியில் ஒருநாள் கடிதம் வெளியே வந்ததும் அவள் அட, வந்துருச்சே என்று சொல்லவில்லை. எடுத்து அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "எனக்குத்தான் சார் இதெல்லாம் ஒத்துவரல. மத்தவங்க யாருக்கும் இப்படி ஆகறதில்ல பாருங்க. என் கை ராசி அப்படி. வர வர மூளையும் மழுங்கிப்போச்சு போலருக்கு, நேத்து அப்பா மாத்திரையக்கூட மாத்திக் குடுக்கப் பாத்தேன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் கண் சிரிக்கவில்லை. அப்போது சொல்லியிருக்கலாம். இல்ல மேடம், உங்க மேல தப்பு ஒண்ணும் இல்ல, இது மெஷின் கோளாறு என்று இத்தனை மட்டுமாவது சொல்லியிருக்கலாம், பாதி உண்மையாவது. அவன் என்ன சொன்னான்? பரவாயில்ல மேடம், எல்லாருக்கும் உடனே வந்துராது. ஆறுதல் சொன்னானாம்! எல்லாருக்கும் உடனே வந்துராது. அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். அந்த ஆட்டல். அதற்குப் பிறகு அவள் போனில் கூப்பிடும்போது மன்னிச்சுக்குங்க சார் என்று ஆரம்பிக்கத் தொடங்கினாள், அதையும் மரியாதை என்று எடுத்துக்கொண்டு பூரித்துப்போனான் இந்த அறிவாளி.

எழுபத்தொன்று. இப்போது வேகமெடுத்துவிட்டது. ஆபீஸ் குரூப்பில் போட்டோ வந்தது: கேக், அதைச் சுற்றிப் பதினைந்து பேர், நடுவில் அவள், கையில் பிளாஸ்டிக் கத்தி. யாரோ கட்டிப்பிடித்திருக்கிறார்கள். இவனை யாரும் கூப்பிடவில்லை, கூப்பிட்டிருந்தாலும் போயிருக்கமாட்டான். சொல்லிவிட்டால் என்ன ஆகும்? ஹெச்.ஆருக்குப் போய், மேடம், தப்பு அவங்க மேல இல்ல என்று ஆரம்பித்தால், அப்ப யார் மேல என்பார்கள். என் மேல. ஏன்? அங்கேதான் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஏன் என்பதை ஒரு மேஜைக்கு முன்னால் நின்று, விசிறிக்கு அடியில், இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்க எப்படிச் சொல்வது? வேலை போகும், போகட்டும், பல்லாவரத்தில் அண்ணன் வீட்டு மாடி அறை இருக்கிறது, அண்ணி முகம் கோணும், கோணட்டும். ஆனால் அவள் முகம். அவள் ஒருத்திதான் உலகத்தில் அவனைக் கெட்டிக்காரன் என்று நினைக்கிறவள், பொறுமையானவர் என்று எழுதி வைத்திருக்கிறவள். சொல்லாமல் கையெழுத்துப் போட்டால் அவள் அதை நினைத்துக்கொண்டே போவாள், அயனாவரத்தில் என்றைக்காவது ஒருநாள், எங்க ஆபீஸ்ல ஒரு நல்ல மனுஷன் இருந்தார்ப்பா என்று சொல்வாள். அது அவனுக்குக் கிடைக்கும். அதோடு கூடவே, நான் ஒரு மக்கு என்பதையும் எடுத்துக்கொண்டு போவாள், வேறு வேலை தேடுகிற இடத்திலெல்லாம் அதைத் தூக்கிக்கொண்டு போவாள். ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றை மட்டும் எடுக்க வழியில்லை. எண்பத்தாறு. ஐயோ, மெதுவாகப் போயேன்.

"ஏல பரஞ்சோதி." அலமாரிக்குப் பின்னாலிருந்து ஃபெலிக்ஸ்.

"ம்."

"நீ சொல்லுதியா, நான் சொல்லட்டுமா?"

பரஞ்சோதி திரும்பிப் பார்த்தான். "என்னத்த?"

"நானும் இந்த வேலதான பாக்கேன். அந்த பிரிண்டருக்கு என்ன வியாதின்னு எனக்குத் தெரியாதா? பிரிண்டர் பாக்கப் போறதுக்கு எவம்ல பவுடர் போட்டுட்டுப் போவான்?" அப்புறம் குரல் இறங்கி வந்தது. "நான் சொல்லிருக்கணும். போயிட்டு வரும்போது உன் மூஞ்சி அப்படி இருக்கும்ல. கெடுக்க மனசு வரல. இப்படி ஆகும்னு எனக்கும் தெரியாது பாத்துக்கோ."

இரண்டு தடிமாடுகள் கீழே உட்கார்ந்து ஒருத்தி பிழைப்பைக் கெடுத்திருக்கிறார்கள். நூறு வந்துவிட்டது. துடைக்கட்டுமா என்று திரை கேட்டது. அவன் ஆம் என்பதை அழுத்தவில்லை, இல்லை என்பதையும் அழுத்தவில்லை. படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது, நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது, ஃபெலிக்ஸ் இன்னும் உள்ளே போய்விட்டான்.

உமையாள் ஒரு காகிதத் தட்டில் இரண்டு துண்டு கேக்கோடு வந்தாள். முப்பத்தெட்டு வயசு, நெற்றியோரம் நரை, இன்றைக்கென்று கொஞ்சம் நல்ல புடவை. அழுதிருக்கிறாள், முகம் கழுவியிருக்கிறாள்.

"இது உங்க ரெண்டு பேருக்கும். மேல எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வந்துட்டேன், உங்ககிட்டதான் கடைசியா. உங்களத்தான் சார் ரொம்பப் படுத்திட்டேன். வேற யாராவதா இருந்தா எரிஞ்சு விழுந்திருப்பாங்க. முடிஞ்சுதா? கையெழுத்துப் போட்டுட்டீங்களா?"

பேனா கையில்தான் இருந்தது. போடேன், போட்டுவிட்டால் முடிந்தது, ஒரு கோழிக்கிறுக்கல், கேக் சாப்பிடலாம். அவள் கண் இமையில் இன்னும் ஈரம் இருந்தது. அதைப் பார்த்தான். பார்த்ததும், ஒத்திகை பார்க்காத ஒரு வாக்கியம் முதல் தடவையாக வாயிலிருந்து வந்தது.

"உங்களுக்குத் தெரியாம இல்ல மேடம். நான்தான் சரி பண்ணல."

"என்னது?"

"பிரிண்டர். அது ஒரே தடவையில சரி பண்ணக்கூடியது மேடம். எனக்கு மொதல்லயே தெரியும். வேணும்னே விட்டு வச்சேன். புகார முடிக்கும்போது, உங்களுக்கு உபயோகிக்கத் தெரியலன்னு எழுதினேன். நாப்பத்தோரு தடவையும். அதத்தான் மேல படிச்சிருக்காங்க. அதனாலதான் நாக்பூர்."

தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். கோபம் வரும் என்று பயந்தான், வரவில்லை, அது வந்திருந்தாலாவது தேவலை. முகத்தில் ஒவ்வொன்றாக எதையோ எண்ணிப் பார்க்கிற மாதிரி இருந்தது. ஜெனரேட்டர் அறையில் யாரோ இரும்பை நகர்த்தினார்கள்.

"காட்டுங்க," என்றாள்.

"மேடம்?"

"ஒரே தடவையில சரியாகும்னீங்கல்ல. காட்டுங்க. நான் பாக்கணும்."

கேக் தட்டை மேஜையில் வைத்துவிட்டு, கீபோர்டுக்குப் பக்கத்தில் கிடந்த பாரத்தை எடுத்துக்கொண்டு அவள் லிஃப்ட்டுக்கு நடந்தாள், அவன் பின்னாலேயே போனான். மூணாவது மாடியில் அவள் சீட் காலியாகக் கிடந்தது, மேஜையைத் துடைத்து வைத்திருந்தாள், பிரிண்டர்மேல் போடுகிற துணியைக்கூட மடித்து வைத்திருந்தாள். இந்த முறை உட்காருங்கள் என்று சொல்லவில்லை. அவன் நின்றபடியே குனிந்தான். செட்டிங்கைத் திறந்தான், நம்பர் தானாக மாறட்டும் என்ற இடத்தில் இருந்த டிக்கை எடுத்தான், ஒரு நம்பரைத் தட்டினான், சேமி என்று அழுத்தினான். மேஜைக் கம்ப்யூட்டரில் அதே நம்பரைத் தட்டினான். பிரிண்டரின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினான், பத்து எண்ணினான், சொருகினான். அது எரிந்து, முனகி, நின்றது. சோதனைப் பக்கத்துக்கு அழுத்தினான். வந்தது. மறுபடி பிடுங்கினான், சொருகினான், மறுபடி வந்தது. அவள் தன் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் மேடம்."

"நாலு நிமிஷம்கூட ஆகல." குரல் உடைந்தது. பக்கத்து சீட்டில் யாரோ திரும்பிப் பார்த்தார்கள், அவள் கவலைப்படவில்லை. "ராத்திரி படுத்துட்டு யோசிப்பேன் தெரியுமா? எனக்கு என்னமோ ஆயிட்டுது, அப்பா மாதிரி எனக்கும் மூளையில எதுவோ வருதுன்னு. பயந்துட்டுக் கெடந்தேன் சார். டாக்டர்கிட்ட போறதுக்குக்கூட நாள் குறிச்சு வச்சிருந்தேன்."

அவன் தலையைக் குனிந்தே வைத்திருந்தான். பிரிண்டரின் சின்னப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "இப்பவே ஹெச்.ஆர். போறேன் மேடம். எல்லாத்தையும் சொல்லிடறேன். எழுத்து மூலமாவே குடுக்கறேன். நாக்பூர ரத்து பண்ணச் சொல்லுவேன். உங்கள விடமாட்டாங்க."

"போய்ச் சொல்லுங்க. சொல்லத்தான் வேணும்." அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா நான் திரும்பி வரமாட்டேன். இந்த சீட்ல உக்காந்தா இனி எனக்கு வேற நெனப்பே ஓடாது." பாரத்தை அவன் முன்னால் நகர்த்தினாள். "போடுங்க."

போட்டான். எழுத்து கோணிக்கொண்டு போயிற்று. அவள் பாரத்தை மடித்துப் பையில் வைத்தாள், பையைத் தோளில் போட்டாள், இரண்டு அடி போனவள் நின்றாள்.

"எதுக்கு இப்படிப் பண்ணீங்க?"

மூன்று வருஷமாக நெஞ்சுக்குள் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்ததெல்லாம் எங்கேயோ ஓடிப்போய்விட்டது. "நீங்க கூப்பிடணும்னு," என்றான்.

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். முதல் நாள் நாற்காலியை இழுத்துப் போட்டவள் பார்த்த மாதிரி இல்லை, யாரையோ புதிதாகப் பார்க்கிற மாதிரி, அப்புறம் அதுவும் போய் வெறும் களைப்பாக.

"சும்மாவே வந்திருக்கலாமே, பரஞ்சோதி," என்றாள். "நான் பேசியிருப்பேனே."